குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயரைச் சேர்ப்பது எப்படி?

சான்றிதழில் தந்தையின் பெயர் விடுபட்ட குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை, வாரிசுரிமை, காப்பீடு என எல்லாவற்றிலும் பின்னாளில் சிக்கல் வரலாம் என்பதால், இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பலர் குடும்பப் பெயர் மாற்றத்தில் தொடங்கி, விண்ணப்பம் திரும்பி வந்து அலைகிறார்கள். முதலில் தந்தைமை சட்டப்படி உறுதியாக வேண்டும்; சான்றிதழும் பெயரும் அதற்குப் பிறகுதான்.

படி 1: சட்டம் ஏற்கெனவே யாரைத் தந்தையாகக் கருதுகிறது என்று பாருங்கள்

தாய் திருமணமானவர் என்றால், அவருடைய கணவரையே தந்தை என்று பல நாடுகளின் சட்டம் கருதுகிறது. இந்தியாவில், மணமுறிவுக்குப் பின் 280 நாட்களுக்குள் பிறந்த குழந்தைக்கும், தாய் மறுமணம் செய்யாத வரை, இது பொருந்தும். தந்தை வேறொருவர் என்றால், பெரும்பாலும் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

படி 2: தந்தைமையை உறுதிசெய்யுங்கள்

தாய்க்குத் திருமணமாகாமல், இருவருக்கும் இதில் ஒத்த கருத்தும் இருந்தால், பல நாடுகளில் தந்தைமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டாலே போதும். அமெரிக்காவில் பிரசவம் நடந்த மருத்துவமனையிலேயே இதைச் செய்யலாம். ஆனால் இதை வெறும் சடங்காக எண்ணிவிடக் கூடாது: அங்கே இதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 60 நாட்களே உண்டு, அதன் பிறகு மோசடி, வற்புறுத்தல், உண்மை குறித்த முக்கியப் பிழை ஆகியவற்றில் ஒன்றை நிரூபித்தால்தான் நீதிமன்றம் கேட்கும். சிறிதளவு சந்தேகம் இருந்தாலும் கையெழுத்துக்கு முன்பே டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்வதுதான் குழந்தைக்கு நல்லது.

ஒருவர் மறுத்தால் வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும். அங்கே டிஎன்ஏ பரிசோதனைக்கு, கடையில் வாங்கிய கருவியால் வீட்டில் எடுத்த மாதிரியை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆய்வகப் பணியாளர் அடையாள ஆவணங்களைச் சரிபார்த்து, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, உறையை உடனே முத்திரையிட்டு, அது யார் யார் கைக்கு மாறியது என்பதையும் பதிவுசெய்திருக்க வேண்டும்.

படி 3: சான்றிதழைத் திருத்துங்கள்

ஒப்புதல் படிவத்தை அல்லது தீர்ப்பின் சான்றிட்ட நகலை, பெற்றோரின் அடையாள ஆவணங்களுடன், பிறப்பு பதிவான அலுவலகத்தில் கொடுங்கள். சில நாடுகளில் பிறப்பே மறுபதிவு செய்யப்படும். இந்தியாவில் மூலப் பதிவை அழிக்காமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் தேதியுடன் கையொப்பமிடுவார். இங்கிலாந்தில் 2003 டிசம்பர் 1 முதல், தாயை மணக்காத தந்தைக்கும், பிறப்புப் பதிவில் பெயர் இடம்பெற்றால், பெற்றோர் பொறுப்பு, அதாவது குழந்தை தொடர்பான சட்டப்படியான உரிமைகளும் கடமைகளும், கிடைக்கிறது.

படி 4: குடும்பப் பெயர்

தந்தையின் பெயர் சேர்ந்ததாலேயே குழந்தையின் குடும்பப் பெயர் மாறிவிடாது. தனியாகக் கேட்க வேண்டும். பெற்றோர் உடன்படாவிட்டால், நீதிமன்றம் குழந்தையின் நலனைப் பார்க்கும். வளர்ந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்கும். பள்ளியில் பல ஆண்டுகள் ஒரே பெயரில் படித்த பிள்ளையிடம் நீங்களும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புதிய சான்றிதழ் கைக்கு வந்ததும், கவுன்டரை விட்டு நகர்வதற்குள் ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். பிறகு கூடுதல் நகல்கள் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட், பள்ளி, காப்பீடு ஆகிய பதிவுகளையும் மாற்றுங்கள்.