பேச்சு நின்ற பிறகு வலியைக் கண்டுபிடிப்பது எப்படி

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். திண்டுக்கல்லில் முப்பது வருஷம் இட்லிக் கடை நடத்தியவர். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த ஏழாவது வருஷம் பேச்சு நின்றுபோனது. கடைசி எட்டு மாதம் படுக்கைதான். அப்போது நான் கற்றுக்கொண்டதை, அதே நிலையில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வலி. ஒரு வாரமாக உடம்பு துடைக்கப் போனாலே அத்தை என் கையைத் தட்டிவிட்டார். நோயின் கோபம் என்று நினைத்துத் தூக்க மாத்திரை கேட்டோம். பார்த்தால் ஐந்து நாளாக மலம் போகவில்லை, வயிறு கல் மாதிரி இருந்தது. எனிமா கொடுத்த அன்று சாயங்காலமே அமைதியாகிவிட்டார். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. திடீரென்று குணம் மாறினால் முதலில் வயிறு, சிறுநீர், வாய்ப்புண், முதுகுப்புண் எல்லாவற்றையும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த நர்ஸ், பேச முடியாதவரின் வலியை அளக்கும் பெயின்அட் (PAINAD) என்ற முறையைச் சொல்லிக்கொடுத்தார். மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 மதிப்பெண், மொத்தம் 10; எண் கூடினால் வலி அதிகம். சும்மா படுத்திருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது; புரட்டும்போது பாருங்கள். அத்தைக்கு வலித்தால் இடது புருவம் மட்டும் சுருங்கும், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார். உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இப்படி ஓர் அடையாளம் இருக்கும். அதை நோட்டில் நேரத்தோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் டாக்டர் அதைப் பார்த்துத்தான் துடைப்பதற்கு அரை மணி முன்னால் பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார்.

அடுத்தது சாப்பாடு. சாப்பிடவில்லை என்று ஓர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டார்கள். இரண்டு தடவை பிடுங்கினார். கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். முப்பது வருஷம் ஊருக்கே சோறு போட்ட கை அது. முற்றிய டிமென்ஷியாவில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-லேயே கையால் ஊட்டுவதைத்தான் பரிந்துரைத்தது. டாக்டரோடு பேசிக் குழாயை எடுக்கச் சொன்னோம்.

ஊட்டும்போது நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை லேசாகக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்பூனில் பாதிதான். வெறும் தண்ணீர் புரையேறும். ராகிக் கூழ் பதத்தில் இருந்தால் இறங்கும். விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்த வாய். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள். நாலு ஸ்பூன் இறங்கினாலும் சரி, அளவைக் கணக்குப் பார்த்து அழ வேண்டாம். நான் அழுதிருக்கிறேன்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்புறம், விடிகாலை நாலு மணிக்கு அத்தை தினமும் தவிப்பார். அது மாவு எடுத்து வைக்கும் நேரம். ஒரு கிண்ணத்தில் ஊறவைத்த உளுந்தைக் கையில் கொடுத்தேன். விரலால் அளைந்துகொண்டே இருந்தார், முகம் தெளிந்தது. வாய்க்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தேன்.

கடைசி இரண்டு நாள் மூச்சு நின்று நின்று வந்தது, பாதம் குளிர்ந்தது. தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சொந்தக்காரர்கள் பால் ஊற்ற வருவார்கள். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எங்கள் சின்ன மாமனார் டம்ளரோடு வந்து நின்றார். “மாமா, இதுல தொட்டு உதட்டுல வைங்க” என்று பஞ்சைக் கொடுத்தேன். நனைத்து வைத்தார். அத்தை உதட்டை மெதுவாகச் சப்பினார்.