புழுக்கத்தை வீட்டிலேயே அளக்கலாம்: இரண்டு தெர்மாமீட்டரும் ஒரு பழைய வேட்டித் துணியும்

மே மாதம் வந்தால் வேலூரிலிருந்து மாமா போன் செய்வார். "இங்க 41 டிகிரி அடிக்குது, நாங்க பேசாம இருக்கோம். சென்னையில 35-க்கே இப்படி அலுத்துக்கிறியேப்பா?" இரண்டு கோடை இதற்குப் பதில் தெரியாமல் முழித்தேன். மூன்றாவது கோடையில் இந்தக் கருவியைச் செய்தேன்.

செய்தியில் சொல்வது காற்றின் சூடு மட்டும். நம் உடம்போ வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் சொட்டும். சொட்டும் வியர்வையால் உடம்புக்குப் பெரிய பயன் இல்லை. புழுக்கமான நாளில் மண்பானைத் தண்ணீர் சரியாகக் குளிராததற்கும் இதுவே காரணம். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரும் பானையைப் போலத்தான். அது காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். சுருக்கமாக 'ஈர அளவு' என்று வைத்துக்கொள்வோம்.

1. பொருள்கள்

பள்ளி ஆய்வகங்களுக்குச் சாமான் விற்கும் கடையில், சிவப்புத் திரவம் உள்ள தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். பாதரசம் வேண்டாம், உடைந்தால் தொல்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவு 35 டிகிரிக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். இவற்றோடு ஒரு டேபிள் ஃபேன், நூல், கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டித் துணி. புதுத் துணி தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. நான் முதலில் கைக்குட்டையைச் சுற்றிவிட்டு அரை நாள் வீணாக்கினேன், அதில் பாதி பாலியஸ்டர்.

2. இரண்டும் ஒத்துப்போகிறதா?

துணி சுற்றுவதற்கு முன், இரண்டையும் நிழலில் அருகருகே கால் மணி நேரம் வையுங்கள். ஒன்று 33, மற்றது 34 என்று காட்டினால் அந்த ஒரு டிகிரியைக் குறித்துக்கொண்டு பின்னால் கழித்துவிடலாம்.

3. துணி சுற்றுதல்

ஒன்றின் அடிக்குமிழில் துணியை ஒரே சுற்றாகச் சுற்றி நூலால் கட்டுங்கள். தடிமனாகச் சுற்றினால் அளவு நிலைக்க நேரமாகும். துணியின் வால் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இருக்கட்டும், குமிழ் தண்ணீரைத் தொடக்கூடாது. அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீர்தான் வேண்டும், ஃபிரிட்ஜ் தண்ணீர் அல்ல.

4. அளத்தல்

வெயில் படாத இடத்தில், சூடான சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஃபேனை வேகமாக ஓட விடுங்கள். பத்து நிமிடத்தில் ஈரத் தெர்மாமீட்டர் இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். இரண்டு அளவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னையில் கடற்காற்று வருவதற்கு முன்னும் வந்த பின்னும் அளந்து பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். காற்றின் சூடு சட்டென்று குறையும். ஈர அளவு அதற்கேற்ப இறங்காது, சில நாள் ஏறவும் செய்யும். இரவு பத்து மணிக்கும் ஒருமுறை பாருங்கள். இரவிலும் ஈர அளவு இறங்காவிட்டால் பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு தேற வழியில்லை.

5. அளவைப் படித்தல்

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். 41 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈர அளவு சுமார் 26. சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 64 சதவீதம் என்றால் ஈர அளவு 29. ஆறு டிகிரி குறைவான ஊரில்தான் வியர்வை காயத் திணறுகிறது.

ஈர அளவு 35 ஆனால் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மனித உடம்பு தாங்காது என்று 2010-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2022-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, புழுக்கமான சூழலில் சுமார் 31-லேயே உடல் வெப்பம் கட்டுக்கு மீறி ஏறத் தொடங்கியது. வயதானவர்களுக்கு எல்லை இன்னும் கீழே. 28-ஐத் தாண்டினால் மாடியில் வடாம் போடுவதை மாலைக்குத் தள்ளுவதும், 30 என்றால் பாட்டியைத் தனியே விட்டுப் போகாமல் இருப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். இது நாங்களே வைத்துக்கொண்ட கணக்கு.

ஆனால் மாமாவும் மெத்தனமாக இருக்க முடியாது. அதே சோதனையில், வறண்ட கடும் வெப்பத்தில் ஈர அளவு 25 முதல் 28-க்குள்ளேயே எல்லை வந்துவிட்டது. வேலூரின் 26 அதற்குள்தான் விழுகிறது. அதனால் இரண்டு தெர்மாமீட்டரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அளவு என்ன சொன்னாலும், வெப்பத்தில் இருந்தவர் உளறினாலோ, தடுமாறினாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடம்பில் வியர்வை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

6. இன்னொரு பயன்

ஏர் கூலர் வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்த இரண்டு அளவையும் பாருங்கள். கூலர் எவ்வளவு விலை என்றாலும் காற்றை ஈர அளவுக்குக் கீழே குளிர வைக்காது. இரண்டுக்கும் 15 டிகிரி இடைவெளி இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஐந்தாறுதான் என்றால், மூடிய அறையில் கூலர் இன்னும் கொஞ்சம் புழுக்கத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான். மாமா வீட்டில் கூலர் ஜில்லென்று வீசுகிறது. என் வீட்டுக் கூலரின் மேல் இப்போது பழைய செய்தித்தாள் அடுக்கியிருக்கிறது.