ரிசப்ஷனுக்கு ஹீல்ஸ் வாங்குகிறீர்களா?

செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஹீல்ஸ் கேட்டு வருகிறவர்கள் முதலில் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். நான் கேட்பது வேறு: "மண்டபமா, புல்தரையா?" புல்தரை என்றால் பென்சில் ஹீல் வேண்டாம். மேலே கம்பளம் விரித்திருந்தாலும் அடியில் மண்தானே, குதி இறங்கிவிடும். குதியிலிருந்து முன்பாதம் வரை இடைவெளியில்லாமல் அடி முழுக்க ஒரே கட்டையாக இருக்கும் வெட்ஜ் எடுங்கள்.

குதி உயர்ந்த காலணி பெண்களுக்காகப் பிறந்ததே இல்லை. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியிலிருந்து கால் நழுவாமலிருக்கப் போட்டது அது. பிறகு பிரான்சின் பதினான்காம் லூயி சிவப்புக் குதியோடு அரசவையில் வலம்வந்தார். பென்சில் ஹீல் 1950களின் சரக்கு. உள்ளே எஃகுக் கம்பி வைத்ததால்தான் அவ்வளவு மெல்லிய குதி ஒடியாமல் நின்றது. நடை சுகத்தைப் பற்றி அவர்களில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைக்குச் சாயங்காலம் வாருங்கள். அதற்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ரிசப்ஷனிலும் அதே கால்தான். செருப்பை மேசைமேல் வைத்துக் குதியை விரலால் தள்ளுங்கள். ஆடினால் வேண்டாம். அப்புறம் இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள். விரல் பக்கம் மடங்கலாம், நடுவில் வளையவே கூடாது.

முன்னால் சறுக்குகிறதென்று ஒரு சைஸ் சின்னதாகக் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. உயரம் கூடக்கூட உடம்பின் பாரமெல்லாம் முன்பாதத்தில் இறங்கும். கூர்முனைக்குள் விரல்கள் நெருங்கி, கட்டைவிரல் மூட்டு புடைத்துப்போன கால்களை நிறையப் பார்க்கிறேன். கணுக்காலில் வார் வைத்ததை எடுத்தால் சறுக்கல் குறையும். நாலு அங்குலம்தான் வேண்டுமா? முன்பக்கம் ஒரு அங்குலம் தடித்ததாகப் பாருங்கள், பாதத்துக்குச் சரிவு மூன்றுதான். ஆனால் புடவைக்குள் குதியை யார் பார்க்கப்போகிறார்கள்? மணிக்கணக்கில் மேடையில் நிற்க இரண்டு அங்குலமே தாராளம்.

புது அடிப்பாகம் கிரானைட்டில் வழுக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். வீட்டில் ஒரு வாரமாவது போட்டு நடந்து பழகுங்கள், மாடிப்படியிலும்தான்.

ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு புடவை கட்டுங்கள், கொசுவம் அந்த உயரத்துக்குச் சரியாக விழும். சாப்பாட்டுக்குப் போகும்போது கழற்றிவிட்டால் அதே கொசுவம் தரையில் புரண்டு தடுக்கும். இடுப்பில் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். மறுநாள் கெண்டைக்கால் இழுக்கும். சுவரில் கைவைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி நீட்டினால் விடும்.

குதி நுனியிலுள்ள ரப்பர் தேய்ந்து ஆணி வெளியே வந்தால் நடையில் சத்தம் மாறும். அப்போதே தெருமுனையில் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள், இரண்டு காலுக்கும் சேர்த்து.