சின்னப் பிள்ளைகளோடு மலேசியா லெகோலாந்தில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

லெகோ கட்டை பொம்மைகளை வைத்து அமைத்த கேளிக்கைப் பூங்காதான் லெகோலாந்து. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள அந்தப் பூங்காவுக்கு நீங்கள் கோலாலம்பூரிலிருந்து வந்தாலும் சரி, சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் சரி, ஊரிலிருந்து சிங்கப்பூருக்குச் சுற்றுலா வந்த கையோடு ஒரு நாள் எட்டிப் பார்த்தாலும் சரி, திட்டம் ஒன்றுதான். உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளையின் உயரமும் தெம்பும்தான் அன்றைய நாளைத் தீர்மானிக்க வேண்டும். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று இறங்கினால் மூன்று மணிக்குப் பிள்ளை அழ ஆரம்பிக்கும், அதற்கப்புறம் பெரியவர்களுக்குள் சண்டை வரும்.

2012 செப்டம்பரில் திறந்தார்கள், ஆசியாவின் முதல் லெகோலாந்து இதுதான். 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டியது, அதனால் பதின்வயதுப் பிள்ளைகள் சீக்கிரம் சலித்துவிடுவார்கள்.

1. வீட்டிலேயே உயரம் அளந்துவிடுங்கள்

டிக்கெட் வாங்குவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். பல ரைடுகளுக்கு உயர வரம்பு உண்டு, சிலவற்றில் பெரியவர் கூட வந்தால் மட்டும் ஏற்றுவார்கள். பிள்ளையைச் சுவரோடு நிற்க வைத்து அளந்து, பூங்காவின் இணையதளத்தில் உள்ள ரைடு பட்டியலோடு ஒப்பிட்டு, எதில் ஏறலாம் எதில் ஏற முடியாது என்று பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். ஏமாற்றம் வீட்டில் வந்தால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். அரை மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்று, அண்ணனை மட்டும் உள்ளே விட்டுத் தம்பியை நிறுத்தினால் அது லேசில் ஆறாது.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

பழைய பதிவுகளில் ஞாயிற்றுக்கிழமை போங்கள், கூட்டம் குறைவு என்று எழுதியிருப்பார்கள். அப்போது ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. 2025 ஜனவரியிலிருந்து அது சனி, ஞாயிறு ஆகிவிட்டது, அதனால் அந்த யோசனை இப்போது செல்லாது. செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் ஒரு நாள் பாருங்கள், மலேசியா, சிங்கப்பூர் இரண்டின் பள்ளி விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள். அன்று பூங்கா திறந்திருக்கிறதா என்று அவர்களுடைய நாட்காட்டியிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பூங்கா பக்கத்திலேயே தனியாக இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், இரண்டையும் ஒரே நாளில் முடிக்கும் ஆசை வேண்டாம். இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள்.

3. எல்லை தாண்டுகிறவர்கள் கவனிக்க

சிங்கப்பூர்க் காரில் வருகிறவர்களுக்கு துவாஸ் வழியான இரண்டாவது பாலம்தான் பக்கம். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது டாங்கியில் முக்கால்வாசியாவது பெட்ரோல் இருக்க வேண்டும். மலேசியாவுக்குள் வெளிநாட்டுக் கார் நுழைவதற்கான விஇபி அனுமதியும் வேண்டும், 2025 ஜூலையிலிருந்து அது இல்லாவிட்டால் அபராதம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை, மற்ற வெளிநாட்டுப் பயணிகள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: சிங்கப்பூர் விசா மறுபடியும் உள்ளே நுழைய அனுமதிக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

4. பையில் என்ன

தொப்பி, மழைக்கோட்டு, ஆளுக்கு ஒரு மாற்றுடை, தண்ணீர் பாட்டில். குடை வேண்டாம், வரிசையில் அடுத்தவர் கண்ணைக் குத்தும். அப்புறம் வீட்டில் கிடக்கும் பழைய லெகோ பொம்மை மனிதர்கள் இரண்டு மூன்று, தலை, உடம்பு, கால் எல்லாம் சேர்ந்திருக்கும்படி பார்த்து எடுத்து வையுங்கள். பூங்கா ஊழியர்களின் பெயர்ப் பட்டையில் ஒரு லெகோ பொம்மை ஒட்டியிருக்கும், பிள்ளை போய்க் கேட்டால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை கொண்டுவந்ததை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். யாரிடமும் பேசாத கூச்ச சுபாவப் பிள்ளைகூட உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு தானாகப் போய் நிற்கும். இதற்கு ஒரு காசு செலவில்லை, எனக்கு அந்தப் பூங்காவிலேயே பிடித்த விஷயம் இதுதான்.

5. உள்ளே போனதும்

கதவு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். திறந்ததும் நேராக, பிள்ளைகள் தாங்களே குட்டிக் கார் ஓட்டும் ஓட்டுநர் பள்ளிக்கு. 6 முதல் 13 வயது வரை ஒரு தடம், 3 முதல் 5 வரை குட்டித் தடம். ஒரு சுற்றுக்குச் சில கார்கள்தான், பிள்ளைகளை உட்கார வைத்து பெல்ட் போட்டு அனுப்ப நேரமாகும், எனவே பத்தரை மணிக்கு மேல் வரிசை நகரவே நகராது. பெற்றோர் வேலிக்கு வெளியேதான். சிவப்பு விளக்கில் நின்ற பிள்ளை, பச்சை விழுந்தபின்னும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் காரை நகர்த்தும். வெளியிலிருந்து நீங்கள் போ போ என்று கத்தாதீர்கள், அந்தச் சில நிமிடமும் முழுக்க அதனுடையது.

அதை முடித்துவிட்டு டிராகன் ரோலர்கோஸ்டர், வெயில் ஏறும் முன். ஒரு பிள்ளை ஏறலாம், இன்னொன்று ஏற முடியாது என்றால் பெற்றோர் மாறி மாறி அழைத்துப் போகலாமா என்று வரிசையின் வாசலிலேயே ஊழியரிடம் கேளுங்கள்.

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை கூரைக்கு உள்ளே இருங்கள். சாப்பாடு, கட்டை அடுக்கும் இடங்கள், நின்ஜாகோ ரைடு. கடைசியாகச் சொன்னதில் கையை வீசினால் திரையில் நெருப்புப் பந்து பறக்கும், பிள்ளைகள் இன்னொரு தடவை என்பார்கள். ஜொகூரில் மதியத்துக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும், மின்னல் கண்டால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் வெளியில் இருப்பதைக் காலையிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

மினிலாந்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நிழல் குறைவு. பெட்ரோனாஸ் கோபுரம், தாஜ்மகால், அங்கோர்வாட், சிங்கப்பூரின் மெர்லயன் எல்லாம் லெகோ கட்டையில். பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், பொம்மை மனிதர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

6. கிளம்பும்போது

வாசலில் உள்ள பொம்மைக் கடைக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைக் காலையிலேயே பிள்ளையோடு பேசி முடித்துவிடுங்கள், பேரம் அங்கே நின்று பேசினால் தோற்பது நீங்கள்தான். எல்லை தாண்ட வேண்டியவர்கள் பிள்ளைகளுக்கு உடை மாற்றி, கழிப்பறைக்கு அழைத்துப்போய், ஏதாவது கொறிக்கக் கொடுத்துவிட்டே காரில் ஏற்றுங்கள். மாலையில் பாலத்தில் நெரிசல் பிடித்துக்கொண்டால் நடுவில் இறங்க வழியில்லை.