நாரி உளைவும் மாரிக் காய்ச்சலும்: சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஐப்பசி பிறந்து காற்று வாடைக்குத் திரும்பியதும் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடுகிறவர்களிடம் இரண்டு முறைப்பாடுகள் கேட்கும். ஒன்று நாரி உளைவு. மற்றது விட்டுவிட்டு வரும் தடிமனும் காய்ச்சலும். நாரிக்குத் தைலம், காய்ச்சலுக்குப் பனடோல் என்று இரண்டையும் தனித்தனியாகச் சமாளித்துத்தான் பலர் மாரியைக் கடத்துகிறார்கள். ஆனால் இவை ஒன்றோடொன்று கொழுவிக்கிடப்பவை. இருமல் நாரியைக் கெடுக்கும். நாரிக்காக எடுக்கும் குளிசை டெங்குக் காய்ச்சலில் ஆபத்தாக முடியலாம். சைக்கிள் ஓடிய அலுப்பு என்று நினைத்த கால் உளைவு எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். வேலைக்கு, சந்தைக்கு, ரியூசனுக்கு என்று நாளாந்தம் சைக்கிளில் போய்வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பந்தயம் ஓடுகிறவர்களுக்கு வேறு கணக்கு.

படி 1: சீற்றை உயர்த்துங்கள்

முதலில் இதைச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் தைலம் பூசிப் பயனில்லை.

எங்கள் ஊரில் பெரும்பாலான சைக்கிள்களில் சீற் அளவுக்கு மீறிப் பதிந்திருக்கும். சந்தியில் நிற்கும்போது இரண்டு காலையும் நிலத்தில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று பதித்து வைப்பார்கள். வீட்டில் பலர் ஓடும் சைக்கிள் என்றால், ஆகக் கட்டையானவரின் அளவிலேயே அது நின்றுவிடும். சீற் பதிந்திருந்தால் பெடல் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் முழங்கால் வயிற்றுப் பக்கம் உயர்ந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, நாரியைக் கூனவைக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்தாலும் அரை மணி நேர ஓட்டத்தில் ஒரு காலுக்கு 1800 தடவை. நாரி உளையாமல் என்ன செய்யும்?

விறாந்தைச் சுவரோடு சைக்கிளை நிறுத்தி, வழமையாகப் போடும் செருப்பு அல்லது சப்பாத்தோடு ஏறி இருங்கள். குதிக்காலைப் பெடலில் வைத்து, பின்பக்கமாகச் சுற்றி, பெடலை ஆகக் கீழே கொண்டுவாருங்கள். கால் நேராக நீண்டிருக்க, குதி பெடலை மட்டுமட்டாகத் தொட வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால்தான் எட்டுகிறது என்றால் சீற் உயரம் கூடிவிட்டது. முழங்கால் மடிந்தே இருந்தால் பதிவு. குதி சரியாகத் தொட்டதும் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வையுங்கள். இப்போது முழங்கால் இலேசாக மடியும். ஓடவேண்டிய அளவு அதுதான்.

சீற்றுக்குக் கீழுள்ள நட் பழைய சைக்கிள்களில் கறள் பிடித்து இறுகியிருக்கும். அதை அடித்து உடைக்க வேண்டாம். மண்ணெண்ணெயோ கறள் இளக்கும் எண்ணெயோ விட்டு, ஓர் இரவு ஊறவைத்துவிட்டு ஸ்பனர் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு அங்குலம் உயர்த்துவதும் வேண்டாம். அரை அங்குலம் உயர்த்தி, சில நாள் ஓடி, பிறகு இன்னொரு அரை அங்குலம் போதும். உடம்பு பழகிய நிலையை மாற்றுகிறோம். அவசரப்பட்டால் முழங்காலில் நோ கிளம்பும். சீற் குழாயில் இதற்கு மேல் இழுக்கக்கூடாது என்று ஒரு கோடு இருந்தால் அதை மதியுங்கள். கோடு இல்லாத பழைய குழாயில் குறைந்தது இரண்டரை அங்குலமாவது உள்ளே நிற்க வேண்டும்.

ஒரே சைக்கிளைப் பலர் ஓடும் வீட்டில் ஒவ்வொருவரின் அளவுக்கும் குழாயில் வெவ்வேறு நிறத்தில் ஒரு பெயின்ற் கோடு போட்டு, ஸ்பனரைப் பக்கத்தில் ஓர் ஆணியில் கொழுவி விடுங்கள். அம்மா சந்தைக்குப் போகும்போது ஓர் அளவு, மகன் ரியூசனுக்குப் போகும்போது ஓர் அளவு. மாற்ற ஒரு நிமிடம்கூட எடுக்காது.

சீற்றின் முன்மூக்கு வானம் பார்த்து நிற்கிறதா என்றும் பாருங்கள். அது மட்டமாக இருக்க வேண்டும். நாரி நோ உள்ளவர்கள் மூக்கை மயிரிழை கீழே சாய்த்தால் இடுப்பு முன்னால் உருண்டு நாரிக்குச் சுகமாக இருக்கும். அதிகம் சாய்த்தால் முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் கையில் விழும்.

படி 2: ஹாண்டில்

லுமாலா, ராலி போன்ற நிமிர்ந்த சைக்கிள்களில் ஹாண்டிலால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை கியர் சைக்கிள்களில்தான். நிறத்தைப் பார்த்து வாங்கியிருப்போம். உடம்புக்கு நீளமாக இருக்கும். ஓடும்போது முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். கை விறைத்து நீண்டு, தோளும் கழுத்தும் இறுகினால் ஹாண்டிலை உயர்த்துங்கள், அல்லது சீற்றைச் சற்று முன்னால் தள்ளுங்கள். கம்பி பிரேக் உள்ள பழைய சைக்கிளில் ஹாண்டிலை உயர்த்தினால் பிரேக் கம்பியும் இழுபடும். அந்த வேலையைச் சைக்கிள் கடைக்காரரிடமே விடுங்கள்.

படி 3: பாரத்தை எங்கே வைக்கிறீர்கள்?

குடிதண்ணீர் கானை ஹாண்டிலில் ஒரு பக்கம் கொழுவிக்கொண்டு போவது நாங்கள் நாளும் பார்க்கும் காட்சி. கிணற்றுத் தண்ணீர் உவரான ஊர்களில் வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் பாரம் தொங்கினால், சைக்கிளை நேராக வைத்திருக்க முதுகு முழுக்க மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். 20 லீற்றர் தண்ணீர் என்றால் 20 கிலோ. ஒரு கானை இரண்டு சின்னக் கான்களாகப் பிரித்து, கரியரில் இரு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். காஸ் சிலிண்டர் என்றால் கரியரின் நடுவில் றப்பர் பட்டியால் இறுக்கி, ஓடாமல் உருட்டிக்கொண்டு போவதே நல்லது.

நாரி பிடிப்பது பல நேரம் ஓடும்போதல்ல, தூக்கும்போது. கானைச் சைக்கிளுக்கு அருகில் வைத்து, முழங்காலை மடக்கிக் குந்தி, கானை உடம்போடு அணைத்து எழும்புங்கள். எழும்பிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள். நிமிர்ந்து நின்ற பிறகு காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள்.

ரயருக்கும் இதில் பங்கு உண்டு. குன்றும் குழியுமான ஒழுங்கையில் கல்லுப்போல் காற்றடித்து ஓடினால் ஒவ்வொரு குழியும் நேரே நாரியில் இடிக்கும். எவ்வளவு காற்று என்பது ரயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். அதன் மேல் எல்லைவரை அடிக்க வேண்டியதில்லை.

படி 4: பாயில் பத்து நிமிடம்

சைக்கிள் ஓடும்போது நாரி முன்னால் வளைந்தே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதைப் பின்பக்கம் வளைக்க வேண்டும். பாயை விரித்துக் குப்புறப் படுங்கள். முழங்கைகளைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, நெஞ்சை மட்டும் உயர்த்துங்கள். இடுப்பு பாயில் கிடக்கட்டும். அப்படியே ஆறுதலாக ஏழெட்டுத் தடவை மூச்சு விடுங்கள். காலுக்குள் விறைப்போ மின்னல் வெட்டுவது போன்ற நோவோ இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். பத்துத் தடவை. இது பின்புறத் தசைக்கு. அந்தத் தசை சோம்பிக் கிடந்தால் அதன் வேலையையும் நாரியே செய்ய வேண்டிவரும். மூன்றாவது, நாலு காலில் நின்று, வலது கையையும் இடது காலையும் ஒன்றாக நீட்டி, பிறகு பக்கம் மாற்றுவது. முதுகில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தால் சிந்தக்கூடாது என்ற நிதானத்தோடு செய்யுங்கள்.

நாரி பிடித்துவிட்டால் நாட்கணக்காகப் படுக்காதீர்கள். ஒன்றிரண்டு நாள் ஆறி, சுடுதண்ணீர் ஒத்தணம் பிடித்து, முற்றத்தில் நடக்கத் தொடங்குங்கள். பெரும்பாலான நாரி நோ சில வாரங்களில் தானாகவே தணியும். ஆனால் கால் பலம் குறைந்தாலோ, சீற்றில் படும் இடம் முழுக்க விறைத்துப்போனாலோ, சலம் மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சலம் வராமல் அடைத்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விழுந்தெழும்பிய பிறகு வந்த கடும் நோவையும் காட்டியே ஆகவேண்டும்.

படி 5: காற்றும் மழையும்

வாடை வடகிழக்கிலிருந்து வீசும். வல்லை வெளியைத் தாண்டிப் பருத்தித்துறைப் பக்கம் போகிறவர்களுக்குப் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது துணை. பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போகிறவர்களுக்கு மாறி நடக்கும்: போகும்போது சுகமாகப் போய்விட்டு, களைத்துத் திரும்பும்போது காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஹாண்டிலை இழுத்துப் பிடித்து உன்னுவதில்தான் நாரி போகிறது. கியர் இருந்தால் இளக்குங்கள். இல்லாவிட்டால் வேகத்தை விட்டுவிட்டு, அரை மணித்தியாலம் முன்னதாகப் புறப்படுங்கள். இடையில் ஓரிடத்தில் இறங்கி, இரண்டு கையையும் நாரியில் வைத்துப் பின்னால் வளைந்து நில்லுங்கள்.

தடிமன் வைரசால் வருவது. மாரியில் எல்லாரும் கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு நெருங்கி இருப்பதால் சுலபமாகத் தொற்றும். வகுப்பாலும் வேலையாலும் வந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நனைந்த உடுப்போடு நாள் முழுக்க இருப்பது உடம்புக்குச் சுகமில்லைதான், தொய்வு உள்ளவர்களுக்கு முட்டும் வரலாம். மாற்றுச் சேட்டும் சின்னத் துவாயும் ஒரு பொலித்தீன் பைக்குள் எப்போதும் கரியரில் இருக்கட்டும். போர்வை மாதிரித் தொளதொளத்த மழைக்கோட் வாடையில் காற்றைப் பிடிக்கும், சில்லுக்குள்ளும் போகும். உடம்போடு ஒட்டிய மழைச்சட்டையும் மழைக் காற்சட்டையும்தான் நல்லது.

ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் அதற்குள் காலை வைக்காதீர்கள். எலியின் சலம் கலந்த வெள்ளம் காலில் உள்ள சிறு காயத்தால் உடம்புக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரும். பெடல் உரசிய கீறல் சைக்கிள்காரர் காலில் எப்போதும் இருக்கும். அதை மூடிக் கட்டுங்கள். மூடின சப்பாத்துப் போடுங்கள், வந்ததும் காலைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களே போயின. வயல் வெள்ளத்தில் வேலை செய்கிறவர்கள் தடுப்புக் குளிசை பற்றித் தங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

படி 6: காய்ச்சல் வந்தால்

மூக்கு ஒழுகல், தும்மல், இலேசான தொண்டை நோ மட்டும்தான் என்றால் மெதுவாகச் சைக்கிள் ஓடலாம். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடியுங்கள், உப்புத் தண்ணீரில் கொப்புளியுங்கள். காய்ச்சல், நெஞ்சில் சளி, உடம்பு உளைவு என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சைக்கிளை ஸ்டாண்டில் விடுங்கள். காய்ச்சலோடு உடம்பை முறுக்கினால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு.

இருமல் வரும்போது குனிந்து இருமினால் நாரித் தட்டில் அழுத்தம் ஏறும். சுவரையோ மேசையையோ ஒரு கையால் பிடித்து, முழங்காலைச் சற்று மடக்கி, நாரியை நிமிர்த்திக்கொண்டு இருமுங்கள்.

அடுத்து வருவதைத் தயவுசெய்து வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். நாரி நோவுக்கு டைக்குளோபெனாக், ஐபுபுறூபன் போன்ற குளிசைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர். மாரியில் காய்ச்சல் தொடங்கினால் அவற்றை உடனே நிறுத்துங்கள். மழைக்குப் பின் இங்கே டெங்கு கூடும் காலம். டெங்கில் இந்தக் குளிசைகளும் அஸ்பிரினும் இரத்தப்போக்கைத் தூண்டும். பரசிற்றமோல் (பனடோல்) மட்டும் எடுங்கள்: சாதாரண உடல் எடையுள்ள பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஈரல் நோய் உள்ளவர்களும் மெலிந்தவர்களும் வைத்தியரிடம் கேட்டு எடுக்க வேண்டும். வேறு காரணத்துக்காக வைத்தியர் எழுதித்தந்த அஸ்பிரின் என்றால் அன்றே அவரிடம் கேளுங்கள்.

காய்ச்சலோடு சேர்ந்து வரும் நாரி நோவைச் சைக்கிளின் தலையில் போடாதீர்கள். டெங்கிலும் நாரியும் மூட்டும் முறித்தெடுக்கும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்காலும் நாரியும் தொட முடியாமல் நோகும், கண் சிவக்கும், சலம் குறையும். ஓடிய அலுப்பால் வரும் உளைவு ஒன்றிரண்டு நாள் ஆறினால் குறையும், காய்ச்சலைக் கொண்டுவராது. காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்தால், வெள்ளத்தில் கால் வைத்ததையும் மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளுக்கு வந்தால் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று நோ, ஓயாத சத்தி, முரசில் இரத்தம், மயக்கம் இருந்தால் இரவென்றும் பாராமல் போதனா வைத்தியசாலைக்கோ கிட்டடி ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள்.

படி 7: திரும்ப ஏறுவது

காய்ச்சல் விட்டு, மருந்தில்லாமல் ஒரு முழுநாள் கடந்த பிறகு முதலில் நடவுங்கள். நடந்து களைக்கவில்லை என்றால் மறுநாள் கோயிலடிவரை பாரமில்லாமல் ஒரு சின்ன ஓட்டம். இருமல் இருக்கும்வரை எதிர்க்காற்றுப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். டெங்கு வந்தவர்களுக்குக் களைப்பு வாரக்கணக்கில் நிற்கும். அவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். நோயில் கிடந்த நாட்களில் வீட்டில் வேறு யாராவது சைக்கிளை ஓடியிருப்பார்கள். ஏற முன்னர் சீற் உங்கள் கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள், மழையில் நனைந்த பிரேக்கையும் ஒருதரம் அழுத்திப் பாருங்கள்.