விடுவித்த நிலத்தில் ஏர் பூட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர் முடிந்து, கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து போய், நிலம் கைக்குத் திரும்பும் நாளில் ஒரு அறிக்கையும் கூடவே வரும். அதில் எல்லோர் கண்ணும் ‘விடுவிக்கப்பட்டது’ என்ற சொல்லைத்தான் தேடும். அது கண்ணில் பட்டதும் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அதே தாளில் சின்ன எழுத்தில் இன்னும் சில விவரங்கள் இருக்கும்: எவ்வளவு ஆழம் வரை, எந்த எல்லைக்குள், எந்த முறையில், எந்தத் தேதியில். உழவன் படிக்க வேண்டியது அவற்றைத்தான். ஏனென்றால் விவசாயம் என்பதே அந்த ஆழத்தையும் எல்லையையும் தாண்டிப் போகும் வேலை.

ஆழத்தைக் கேட்காமல் கலப்பையை இறக்குவது

எனக்குத் தெரிந்து அதிகம் கவனிக்கப்படாத தவறு இது. ஆளைக் கொல்லும் மிதிவெடியைப் பெரும்பாலும் மண்ணின் மேல்மட்டத்தில்தான் புதைப்பார்கள். ஆழமாய்ப் புதைத்தால் காலின் அழுத்தம் அதைப் போய்ச் சேராது. அதனால் அகற்றும் வேலையும் மேல்மண்ணோடு நின்றுவிடும். 13 செ.மீ. என்பது பல நாடுகளில் கையாளப்பட்ட அளவு. சில இடங்களில் 15 அல்லது 20. ஒரு சாண் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சில சமயம் அதுகூட இல்லை. கொத்துக்குண்டு (நடுவானில் பிரிந்து பல சிறுகுண்டுகளைச் சிதறும் குண்டு) விழுந்த இடங்களில் தரையின் மேலே கிடப்பதை மட்டும் பொறுக்கி எடுக்கும் ‘மேற்பரப்பு’ வேலையும் உண்டு.

இப்போது கலப்பையைப் பாருங்கள். கொத்துக் கலப்பையும் ரோட்டவேட்டரும் ஏறக்குறைய அந்த ஆழத்துக்குள் நின்றுவிடும். சட்டிக் கலப்பை 20 முதல் 30 செ.மீ. வரை இறங்கும். பல வருடம் தரிசாய்க் கிடந்து இறுகிப்போன மண் என்று உளிக் கலப்பையைப் போட்டால் 40 செ.மீ.கூடப் போகும். மரக்கன்றுக்கு வெட்டும் குழி மூன்றடி, வேலிக்கால் இரண்டடி, கிணற்றைச் சொல்லவே வேண்டாம். தாள் ஒரு சாணுக்கு உறுதி சொல்கிறது, வேலை மூன்றடிக்குப் போகிறது. இடையில் உள்ள மண்ணுக்கு யாரும் பொறுப்பு சொல்லவில்லை.

ஆகவே நிலத்தை ஒப்படைத்த பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை. அகற்றும் வேலை தொடங்கும் முன்பே, ஆய்வுக்கு வருபவர்களிடம் சொல்ல வேண்டும்: இங்கே நெல்லா, பழமரமா, எங்கே கிணறு, எந்த வரிசையில் வேலி. நிலத்தின் பயன்பாட்டைப் பார்த்து ஆழத்தைத் தீர்மானிக்க அவர்களின் விதியிலேயே இடம் உண்டு. ஆனால் கேட்டால்தான் நடக்கும். வேலை ஏற்கெனவே முடிந்திருந்தால், முதல் சில பருவங்களுக்கு மேலாக உழுது, ஆழ வேர் போகாத பயிரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குழி வெட்ட வேண்டிய இடங்களை மட்டும் திரும்பப் பார்த்துத் தரச் சொல்லலாம்.

‘மாடு மேய்ந்த நிலம்தானே’

இந்தப் பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. ஆடு மாடு போய் வருகிறது, பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை, எனவே நிலம் சுத்தம். ஆள் எதிர்ப்பு மிதிவெடி சில கிலோ அழுத்தத்திலேயே வெடித்துவிடும். டாங்கி எதிர்ப்பு வெடிக்கோ பொதுவாக நூறு கிலோவுக்கு மேல் வேண்டும். அதன் மேல் ஆட்கள் பத்து வருடம் நடந்தாலும் அது சும்மா கிடக்கும். பதினோராம் வருடம் அறுவடை நன்றாக இருக்கிறதென்று ஒருவர் டிராக்டர் வாங்குகிறார். 2010 நவம்பரில் கம்போடியாவின் பட்டம்பாங் மாகாணத்தில் மிளகாய்த் தோட்ட வேலை முடிந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த 14 பேர் அப்படி ஒரு டாங்கி எதிர்ப்பு வெடியில் இறந்தார்கள். போர் ஓய்ந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இயந்திரம் நிலத்துக்குள் நுழையும் நாள், நிலத்தைப் பொறுத்தவரை ஒரு புதிய நாள். அதுவரை நடந்த நடை எல்லாம் கணக்கில் வராது.

சிறிய மிதிவெடிக்கும் இந்தச் சோதனை உதவாது. அதன் அழுத்தத்தட்டு உள்ளங்கை அகலம்தான். மந்தை மேய்ந்த வயலில்கூடக் குளம்பு படாத இடம் நிறைய இருக்கும்.

தீ வைத்துச் சுத்தம் செய்வது

புதரை எரித்தால் வெடிகளும் வெடித்துத் தீர்ந்துவிடும் என்று நினைத்துத் தீ வைப்பார்கள். மண்ணுக்குள் சில செ.மீ. கீழேயே சூடு அவ்வளவாக இறங்காது. புதைந்தவை அப்படியே இருக்கும். மேலே இருப்பவற்றில் பிளாஸ்டிக் உடல் பாதி உருகி, உள்ளே இருக்கும் பொறி எந்த நிலையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத பண்டமாகிவிடும். மரக்குச்சியில் செருகி இடறுகம்பி கட்டிய வகை உண்டு. குச்சி எரிந்து சாய்ந்தால் கம்பி எங்கே போய்க் கிடக்கும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு அடையாளக் கட்டைகளும் எரிந்துபோகும்.

அடையாளம் என்றதும் இன்னொன்று. எச்சரிக்கைப் பலகையும் கட்டையும் விறகாகவும் கூரைத் தகரமாகவும் மாறுவது சகஜம். வறுமையில் அதைக் குற்றமென்று சொல்லவும் மனம் வராது. ஆப்கானிஸ்தானில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள்: கல்லுக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. சிவப்பு ஆபத்தான பக்கத்தைப் பார்த்திருக்கும், வெள்ளை பாதுகாப்பான பக்கத்தை. கல்லை யாரும் அடுப்பில் வைக்க மாட்டார்கள். ஆனால் உழும்போது கல்லைப் புரட்டிப் போட்டால் அதுவும் போச்சு. வேலை முடிந்ததும் எல்லையில் நிலையாக ஊன்றிய முளைகளை மட்டும் தொடவே கூடாது. நாளை ஒரு சந்தேகம் வந்தால் அந்தத் தாளை நிலத்தோடு பொருத்திப் பார்க்க அவை ஒன்றே வழி.

நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல்

விதைப்புப் பருவம் காத்திருக்காது, அரசின் வரிசையோ நீளம். இந்த அவசரம் புரியாமல் விவசாயியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. உக்ரைனில் டிராக்டருக்குக் கவசத் தகடு அடித்து, தொலைவிலிருந்து இயக்கி உழுதவர்கள் உண்டு. உரிமம் இல்லாதவர்களுக்குக் காசு கொடுத்து வயலைப் பார்க்கச் சொன்னவர்களும் உண்டு. சிலருக்குப் பலித்தது. ஆனால் கனமான உருளையோ கலப்பையோ எல்லா வெடியையும் வெடிக்க வைக்காது. சிலவற்றை நசுக்கும், சிலவற்றைப் பக்கவாட்டில் தள்ளும், சிலவற்றை இன்னும் ஆழத்தில் அமுக்கும். ஒழுங்கான வரிசையில் புதைத்திருந்த வெடிகள் இப்படிக் கலைந்த பிறகு, வரைபடம் கிடைத்தாலும் பயனில்லை. பின்னால் வரும் அகற்றுபவரின் வேலையும் இரட்டிப்பாகும். உரிமம் இல்லாதவர் கையில் எழுதிக் கொடுக்கும் தாளும் இல்லை, விபத்து நடந்தால் பொறுப்பேற்க ஆளும் இல்லை. 2024-ல் உக்ரைன் அரசு, உரிமம் பெற்றவர்களைக் கொண்டு விளைநிலத்தைச் சுத்தம் செய்யும் செலவில் 80 சதவீதத்தைத் தானே ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்த ஓட்டை தெரிந்ததால்தான் அது வந்தது என்று நினைக்கிறேன்.

கடையில் விற்கும் உலோகம் தேடும் கருவி இன்னொரு வலை. புதையல், நாணயம் தேடுபவர்களுக்காகச் செய்த கருவிகளில், ஆணி போன்ற சின்ன இரும்பின் ஒலியை ஒதுக்கிவிடும் வசதி இருக்கும். பிளாஸ்டிக் மிதிவெடிக்குள் இருக்கும் உலோகமோ ஒரு ஊசி, ஒரு சுருள்வில் அளவுதான். அதாவது ஒதுக்க வேண்டியது என்று கருவி முடிவு செய்வதே நாம் தேடும் பொருளாக இருக்கும். இலங்கையின் வன்னியில் மரப்பெட்டியில் செய்த மிதிவெடிகளும் புழங்கின. தான்சானியாவில், கன்னத்தில் பை உள்ள பெரிய எலிகளைப் பழக்கி மொசாம்பிக், கம்போடியா வரை கொண்டுபோனதற்கு, உலோகத்தை மட்டும் நம்பித் தேட முடியாததும் ஒரு காரணம். எலி உலோகத்தைத் தேடுவதில்லை, வெடிமருந்தின் வாசனையைத் தேடுகிறது. ஒரு டென்னிஸ் மைதான அளவு இடத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். எடை குறைவு என்பதால் வெடியும் வெடிக்காது. மகாவா என்ற எலிக்கு 2020-ல் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள்.

வயலை மட்டும் எண்ணுவது

தாளில் உள்ள எல்லைக்கோடு ஒரு பலகோணம். அதற்கு ஒரு மீட்டர் வெளியே இருப்பதைப் பற்றித் தாள் எதுவும் சொல்லாது. சிப்பாய் பதுங்கியது வரப்பின் மறைவில், மர நிழலில், வாய்க்கால் கரையில். வெடிகளும் அங்கேதான் அதிகம். நடுவயல் சுத்தமாகி, வரப்பு பட்டியலில் இல்லாமல் போனால் தண்ணீர் கட்ட மண்வெட்டியோடு போகிறவர் எங்கே கால் வைப்பார்? ஆப்கானிஸ்தானில் பாசனக் கால்வாய்களிலும் கண்ணிவெடி வைத்திருந்தார்கள். வயலை விடுவித்து வாய்க்காலை விட்டுவைத்தால் அது மானாவாரி நிலம்தான். கேட்க வேண்டிய வரிசை இது: முதலில் பாதை, அப்புறம் தண்ணீர் வரும் வழி, அப்புறம் வயல்.

எந்த முறையில் விடுவித்தார்கள் என்பதும் இங்கே முக்கியம். சில நிலங்களை அங்குலம் அங்குலமாகத் தேடி விடுவிப்பார்கள். சிலவற்றை, ஊராரை விசாரித்து, சான்று எதுவும் இல்லையென்று பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். இரண்டும் முறையான வழிதான். ஆனால் இரண்டாவதில் யாரும் கருவி பிடித்து நடக்கவில்லை என்பதை உழுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தேதி பழையதாவதை மறப்பது

2014 மே மாதம் பொஸ்னியாவில் வெள்ளமும் மண்சரிவும் வந்தபோது கண்ணிவெடிகளும் அவற்றின் எச்சரிக்கைப் பலகைகளும் இடம் பெயர்ந்தன. 2023 ஜூனில் உக்ரைனின் ககோவ்கா அணை உடைந்தபோதும் அதே கதை. சுத்தமான வயலுக்கு மேட்டிலுள்ள சுத்தம் செய்யாத காட்டிலிருந்து தண்ணீர் வருமானால், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வண்டலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். குளிர்நாடுகளில் வெள்ளமே தேவையில்லை. மண்ணுக்குள் நீர் உறைந்து இளகும்போது கல் மேலே எழுவதுபோல் குண்டும் எழும். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப் போரின் குண்டுகள் இன்றும் கலப்பையில் மாட்டுகின்றன. அங்கே அதற்கு ‘இரும்பு அறுவடை’ என்றே பெயர்.

மண்ணைப் பற்றி இரண்டு எதிரெதிர்த் தவறுகள்

கண்ணிவெடி இருந்த மண் எல்லாம் விஷம் என்பது ஒரு பயம். ஒரு மிதிவெடியில் இருக்கும் மருந்து பெரும்பாலும் சில நூறு கிராமுக்குள். அதனால் வயல் முழுவதும் கெட்டுவிடாது. எரிந்த டாங்கி நின்ற இடம், ஆயுதக் கிடங்கு, சேகரித்த குண்டுகளைக் குவித்து வெடிக்க வைத்த குழி, இவைதான் கவலைக்குரியவை. ஈயமும் வெடிமருந்து எச்சமும் அங்கே தேங்கும். ஆர்டிஎக்ஸ் என்ற வெடிமருந்து மண்ணில் ஒட்டாமல் நீரோடு இறங்கி நிலத்தடி நீர் வரை போகக்கூடியது. பிரான்ஸின் வெர்டன் அருகே முதல் உலகப் போருக்குப் பிறகு சுமார் 2 லட்சம் ரசாயனக் குண்டுகளை எரித்த ஒரு இடம் ஆர்சனிக் தேங்கி, சரியாகப் புல்கூட முளைக்காமல் கிடக்கிறது. சுற்றிலும் காடு, நடுவில் சொட்டை. எனவே மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது வயல் முழுக்க எடுத்துக் கலந்துவிடாமல், இந்த இடங்களைத் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். கலந்தால் கெட்டது நல்லதில் கரைந்து, அறிக்கை அழகாக வரும்.

எதிர்ப்பக்கத் தவறு, பல வருடம் தரிசாய்க் கிடந்ததால் மண் வளமாய்த்தான் இருக்கும் என்று நம்பி முதல் வருடமே அதிகம் சத்து உறிஞ்சும் பயிரைப் போடுவது. வெடி அகற்றுவதற்காகச் சங்கிலியால் மண்ணை அடித்துக் கிளறும் இயந்திரம் ஓடிய இடத்தில் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்திருக்கும். கனரக வண்டி போன தடத்தில் மண் இறுகியிருக்கும். ஒரு பருவம் பசுந்தாளோ பயறோ போட்டு மடக்கி உழுதால் (மேலாகத்தான்) மண்ணுக்கு உயிர் வரும்.

நிலம் யாருடையது என்பதைப் பிறகு பேசலாம் என்று விடுவது

வெடி இருக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்காத நிலத்துக்கு, அது போன மறுநாள் இரண்டு பேர் பத்திரத்தோடு வருவார்கள். கம்போடியாவில் இதைப் பட்டு உணர்ந்த பிறகுதான் 1999-ல் பட்டம்பாங்கில் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் குழுக்களை அமைத்து, எந்த நிலத்தை யாருக்காகச் சுத்தம் செய்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கத் தொடங்கினார்கள். புதர் வெட்டும் இயந்திரம் இறங்கினால் எல்லை மரமும் பழைய வரப்பும் போய்விடும். அதற்கு முன்பே அக்கம்பக்கத்தாரோடு பாதுகாப்பான பக்கமாக நின்று எல்லையைக் காட்டி, படம் எடுத்து, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கணவனை இழந்த பெண்கள், குத்தகைக்கு உழுதவர்கள் ஆகிய இவர்களுடைய பாத்தியதைதான் முதலில் காணாமல் போகும். அவர்களும் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

விதை, உழவுக்கூலி, தண்ணீர் மூன்றும் தயாராகும் முன்பே சுத்தம் செய்த நிலத்தைத் திரும்பப் பெற்றுச் சும்மா போட்டால், இரண்டு மழைக்குள் புதர் மூடிவிடும். அகற்றும் குழு ஊரில் இருக்கும்போதே முதல் உழவை ஓட்டிவிடுவதில் ஒரு வசதி உண்டு. ஏதாவது கிடைத்தால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும்.

எடுத்து ஓரமாய் வைப்பது

கிடைக்கத்தான் செய்யும், எப்போதாவது ஒன்று. லாவோஸில் 1964 முதல் 1973 வரை விழுந்த கொத்துக்குண்டுகளில் வெடிக்காமல் போன உருண்டைகள் டென்னிஸ் பந்து அளவில் இன்றும் மண்வெட்டியில் தட்டுகின்றன. கையில் எடுத்துக் கிணற்றில் போடுவது, வரப்பில் புதைப்பது, பழைய இரும்புக்காரருக்கு ஆகுமென்று மூட்டை கட்டுவது எல்லாமே நடப்பதுதான். கலப்பையில் ஏதோ மாட்டினால் அதைத் தூக்கி உதறிப் பார்க்கவே கூடாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வந்த சக்கரத் தடம் தெளிவாகத் தெரிந்தால் அதன் மேலேயே நடந்து வெளியே வர வேண்டும். தடம் தெரியவில்லையென்றால் இருக்கும் இடத்திலேயே இருந்து குரல் கொடுக்க வேண்டும். வெளியே வந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் போகாதபடி தூரத்திலேயே ஒரு அடையாளம் வைத்துவிட்டு, பெட்டிக்குள் மடித்து வைத்த அந்தத் தாளை எடுங்கள். யாரை அழைக்க வேண்டும் என்ற எண் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.