புயலோ போரோ, குதிரையைக் கிளப்புகிற விதம்

2018 நவம்பர் 16 விடியலில் கஜா வேதாரண்யத்தருகே கரையேறியது. அதிலிருந்து ஐப்பசி பிறந்தாலே குதிரை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எச்சரிக்கை வந்தால் குதிரையை எப்படி வெளியேற்றுவது? பாபநாசம் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் குதிரை விடுகிற குடும்பம் எங்களுடையது. எனக்குத் தெரிந்ததில் பாதி லாயத்தில் கற்றது, மீதி போர்க்காலக் கதைகளைத் தேடிப் படித்தது.

முதல் ஏற்பாடு குதிரைக்காரருக்கு. 1945 பிப்ரவரியில் போலந்தின் யானூவ் பண்ணை அரபுக் குதிரைகளை மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். டிரெஸ்டன் நகரத்துக்குள் வந்தபோது வானத்திலிருந்து குண்டு பொழிந்தது. குதிரைகள் சிதறி ஓடின. யான் ஜினியேவிச் என்ற குதிரைக்காரர் மட்டும் இரண்டு பொலிக்குதிரைகளின் கயிற்றை விடவே இல்லை. விட்ராஷ், வியல்கி ஷ்லெம் என்ற அந்த இரண்டும் பிறகு பேர்போன வம்சங்களுக்குத் தகப்பன்கள் ஆயின.

நம் குதிரைக்காரர் பெரும்பாலும் ஓலைக்கூரை வீட்டில் இருப்பவர். காற்று சுழற்றும்போது பிள்ளைகளை விட்டுவிட்டு உங்கள் லாயத்தில் வந்து நிற்பார் என்று நினைப்பது அநியாயம். அவர் குடும்பம் பாதுகாப்பான இடத்துக்குப் போக முதல் வண்டி. கையில் முன்பணம். குதிரை எங்கே போகிறதோ அங்கே அவருக்கும் படுக்க இடம், சாப்பாடு. இதைப் புரட்டாசியிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது வண்டி ஏற்றுவது. பலகையைச் சாய்த்து வைத்தால் பழகாத குதிரை மிரளும். நம் ஊரில்தான் வாய்க்கால் கரைக்குப் பஞ்சமில்லையே! கரை ஓரப் பள்ளத்தில் மினி லாரியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்துங்கள். லாரித் தளமும் கரையும் சமமாக இருந்தால் குதிரை தானாக நடந்து ஏறும். தளத்தில் வைக்கோல் தடிமனாகப் பரப்புங்கள்; குளம்புச் சத்தம் அடங்கும், வழுக்காது. இழுத்தால் அவிழ்கிற முடிச்சுதான் போட வேண்டும். சித்திரையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது பழக்குங்கள். மழை தொடங்கிவிட்டால் சேற்றில் லாரியே இறங்காது.

எல்லாவற்றுக்கும் வண்டி கிடைக்காவிட்டால்? 1945 ஏப்ரல் 28 அன்று அமெரிக்கப் படை செக் நாட்டு ஹோஸ்டாவ் பண்ணையில் லிப்பிசானர் இனக் குதிரைகளைக் கைப்பற்றியது. மே மாதம் அவற்றை பவேரியாவுக்குக் கொண்டுபோனபோது குட்டிகளையும் சினைக் குதிரைகளையும் லாரியில் ஏற்றினார்கள், மற்றவை நடந்தன. நீங்களும் அப்படியே செய்யுங்கள். தாயையும் குட்டியையும் மட்டும் பிரிக்காதீர்கள்.

அடையாளத்தை எழுதி வையுங்கள். சுழி பார்த்து ராசி சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, ஆனால் நெற்றியிலும் கழுத்திலும் சுழி எங்கே என்று குறித்து, இருபக்கமும் போட்டோ எடுத்து வைத்தால் வழக்கு வந்தாலும் அதுதான் சாட்சி. பிடரி மயிரில் போன் நம்பர் எழுதிய தகட்டைப் பின்னிவிடுங்கள்.

காகிதமும் முக்கியம். முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியா அனுப்பிய குதிரைகள் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலும் வேலர் என்ற ஆஸ்திரேலிய இனம்; நம் மதராஸ் துறைமுகத்தில் இறங்கி விலைபோனதும் அதே இனம்தான். ஊர் திரும்பியது சாண்டி என்ற ஒன்றே ஒன்று. நோய் பரவும் என்ற தடையும் கப்பல் செலவும் சேர்ந்து மற்றவற்றை வெளிநாட்டிலேயே நிறுத்தின. பல விற்கப்பட்டன, பல சுடப்பட்டன. ஆகவே கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இல்லை என்று காட்டும் ரத்தப் பரிசோதனைச் சீட்டை கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே வாங்கி பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வேறு லாயத்துக்காரர் உங்கள் குதிரையை உள்ளே விடுவதற்கு முன் அதைத்தான் கேட்பார்.

ஒன்றுமே முடியாத நிலை வந்தால் சேணத்தையும் கடிவாளத்தையும் கழற்றி மேட்டுப் பக்கம் அவிழ்த்துவிடுங்கள். வெள்ளத்தில் கட்டிக் கிடப்பதுதான் சாவு.

போய்ச் சேர்ந்த அன்று கொள்ளு வேண்டாம். வைக்கோலும் தண்ணீரும் போதும். லத்தி போடாமல் காலை உதைத்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் அது சூலை, அதாவது குதிரையின் கடும் வயிற்றுவலி. விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.